கன்டெம்ப்ட் என்றால் என்ன? எப்போது போடலாம்? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். கட்சிக்காரர்கள் வாயில் அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'கன்டெம்ப்ட்'. "கன்டெம்ப்ட் போட்டு உள்ளே தள்ளணும் சார்" என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த மனு தேவையே இருக்காது, அவர்களுக்கு வேறு வழி இருக்கும். மீதிப்பேரில் சிலருக்கு நல்ல வழக்கு இருக்கும், ஆனால் காலக்கெடு முடிந்தபின் வந்து நிற்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் வழக்குக் கட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் வக்கீல்தான்.

கன்டெம்ப்ட்னா இன்னா சார் அர்த்தம்? டிக்‌ஷனரில ஒண்ணு போட்டிருக்கு, பேப்பர்ல ஒண்ணு போடறாங்க.

இரண்டும் சரிதான். சாதாரண ஆங்கிலத்தில் அது மனசில் இருக்கும் ஓர் உணர்ச்சி. ஒருவரை மதிக்கத் தகாதவர், ஒன்றுக்கும் உதவாதவர் என்று கீழாக நினைப்பது. நாம் இளக்காரம், ஏளனம், இகழ்ச்சி என்று சொல்வதெல்லாம் அதற்குள் வரும். கோபம் வேறு, இது வேறு. கோபப்படுகிறவன் எதிராளியை ஒரு ஆளாக மதித்துத்தான் கோபப்படுகிறான். கன்டெம்ப்ட்டில் அந்த மதிப்புகூட இருக்காது.

கோர்ட்டில் அது உணர்ச்சி இல்லை, செயல். தமிழில் நீதிமன்ற அவமதிப்பு என்கிறோம். ஓர் அதிகாரி நீதிபதியை மனசுக்குள் கும்பிடுகிறவராக இருக்கலாம். உத்தரவை வேண்டுமென்றே கிடப்பில் போட்டால் அது அவமதிப்பு. இன்னொருவருக்கு அந்தத் தீர்ப்பு துளியும் பிடிக்காமல் இருக்கலாம். உத்தரவுப்படி நடந்துகொண்டால் அவர்மேல் குற்றம் இல்லை. கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே தீர்ந்துவிடும்.

என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. கன்டெம்ப்சுவஸ், கன்டெம்ப்டிபிள் ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா. ஒண்ணுதானே?

ஒன்றில்லை, நேர் எதிர்ப்பக்கம். இளக்காரமாகப் பார்க்கிறவரின் பார்வையோ பேச்சோ 'கன்டெம்ப்சுவஸ்'. இளக்காரத்துக்கு உரிய கேவலமான ஆளோ செயலோ 'கன்டெம்ப்டிபிள்'. மாமியாரின் ஏளனச் சிரிப்புக்கு முதல் சொல், குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் செய்கைக்கு இரண்டாவது சொல். வினையாகச் சொல்ல வேண்டுமானால் 'டிஸ்பைஸ்' என்பதுதான் வழக்கில் இருக்கிறது. 'ஹோல்டு இன் கன்டெம்ப்ட்' என்பதற்கு வீட்டில் ஒரு பொருள், கோர்ட்டில் ஒரு பொருள்: ஒருவரை இளக்காரமாக நினைப்பது ஒன்று, நீதிமன்றம் ஒருவரை அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்மானிப்பது இன்னொன்று.

நடுத்தெருவுல என்னை அசிங்கமா திட்டிட்டான். அவமதிப்பு கேஸ் போடலாம்ல?

திட்டியது உங்களை, நீதிமன்றத்தை இல்லை. அதனால் கன்டெம்ப்ட் வராது. உங்கள் பெயரைக் கெடுக்கும்படி பொய்யாகப் பேசினால் அது அவதூறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. மானநஷ்டத்துக்குப் பணம் கேட்பது தனி உரிமையியல் வழக்கு. தமிழில் 'அவ' என்று தொடங்குவதால் எல்லாம் ஒரே கேஸ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கோர்ட் கன்டெம்ப்ட்ல எத்தனை வகை?

1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பு, உத்தரவு, கட்டளை எதையாவது வேண்டுமென்றே மீறுவது உரிமையியல் அவமதிப்பு. இங்கே 'சிவில் கன்டெம்ப்ட்' என்பார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் இதில்தான் சேரும். இந்த உறுதிமொழி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது, குற்றவியல் அவமதிப்பு. நீதிமன்றத்தின் பெயரைக் களங்கப்படுத்துவது, நடக்கிற வழக்கின் போக்கில் தலையிடுவது, நீதி வழங்கும் வேலைக்குக் குறுக்கே நிற்பது. எழுத்தாலோ பேச்சாலோ சைகையாலோ எப்படிச் செய்தாலும் வரும். நம் பக்கத்தில் நிலம், பட்டா, வேலை, பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு வேண்டியது அநேகமாக முதல் வகை. தண்டனை கொடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 215-ஆம் பிரிவிலும், உச்ச நீதிமன்றத்துக்கு 129-ஆம் பிரிவிலும் இருக்கிறது.

ஹைகோர்ட்ல ஆர்டர் வாங்கி ஆறு மாசம் ஆகுது. தாசில்தார் இன்னும் கையே வெக்கலை. கன்டெம்ப்ட் போடலாமா?

போடலாமா என்று பார்க்கும் முன் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தமிழில் யாரையாவது சொல்லச் சொல்லி வார்த்தைக்கு வார்த்தை கேளுங்கள். முன்பக்கங்களில் உங்கள் நியாயத்தை நீதிபதி எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், அதிகாரி செய்ய வேண்டியது என்ன என்பது அந்தப் பத்தியில்தான் இருக்கும். "பட்டா வழங்கு" என்று இருக்கிறதா, "மனுவைப் பரிசீலித்து முடிவெடு" என்று இருக்கிறதா? எத்தனை வாரம்? எந்த நாளிலிருந்து?

கடைசிக் கேள்விதான் நிறைய பேரைக் கவிழ்க்கிறது. பெரும்பாலான உத்தரவுகளில் "இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள்" என்பதுபோல இருக்கும். நகலை நீங்கள் கொடுக்கவே இல்லை என்றால் எட்டு வாரம் தொடங்கவே இல்லை. "அவருக்குத் தெரியும் சார், கவர்ன்மென்ட் வக்கீல் சொல்லியிருப்பார்" என்பது கோர்ட்டில் நிற்காது. சான்றிட்ட நகலை ஒரு கடிதத்தோடு, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அல்லது அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரைத் தாள் இல்லாமல் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை அதுதான்.

கெடு எதுவும் போடாத உத்தரவாக இருந்தால், நியாயமான கால அவகாசம் என்ற கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். அப்போது நகலோடு ஒரு நினைவூட்டுக் கடிதமும் கொடுத்து வைத்திருப்பது கைகொடுக்கும். 'வேண்டுமென்றே' என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். வெறும் தாமதமோ, உத்தரவு இரண்டு அர்த்தம் தரும்படி இருந்து ஒன்றை நம்பி நடந்ததோ போதாது.

ஆர்டர்ல 'பரிசீலிக்க வேண்டும்'னு போட்டிருக்கு. அவரு பரிசீலிச்சு 'முடியாது'ன்னு எழுதி அனுப்பிட்டாரு. இது கோர்ட்டையே மதிக்காததுதானே?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். வருஷக்கணக்கில் அலைந்து ஹைகோர்ட் உத்தரவு வாங்கியிருப்பார்கள். ஆனால் உத்தரவு சொன்னது பரிசீலிக்க. அவர் பரிசீலித்துவிட்டார். முடிவு தப்பாகவே இருந்தாலும் அது உத்தரவை மீறியது ஆகாது. 1996-இல் ஜே.எஸ். பரிஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நீதிமன்றம் சொன்னபடி அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்துவிட்டால், அது சரியோ தப்போ, அதை எதிர்க்கப் புதிய வழக்குக்கான காரணம் உண்டாகிறது, அவமதிப்பு உண்டாவதில்லை.

ஆகவே அந்த 'முடியாது' கடிதத்தை எதிர்க்க வேண்டும். பட்டா மாற்றம் என்றால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் ஆணைக்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. அதிகாரி உங்கள் ஆவணத்தைப் பார்க்காமலே எழுதியிருந்தால் அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் புதிய ரிட் மனுவும் போடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கோபத்தில் கன்டெம்ப்ட் போட்டு ஒரு வருஷத்தை இழக்காதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் அதற்குள் ஓடிவிடும்.

எங்களது குடியாத்தம் முன்சீப் கோர்ட் இன்ஜங்ஷன். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிட்டான். இதுக்கும் மெட்ராஸ் போயி கன்டெம்ப்ட் போடணுமா?

வேண்டாம். உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே வழி இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கிடைத்த இடைக்காலத் தடை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39, விதி 2-ஏ. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இறுதித் தீர்ப்பாகக் கிடைத்த தடை என்றால் நிறைவேற்று மனு, நாங்கள் ஈ.பி. என்போம். ஆணை 21, விதி 32-இல் ஜப்தியும் சிறையும் அங்கேயும் உண்டு.

நிரந்தரத் தடைத் தீர்ப்பை நிறைவேற்றக் காலக்கெடு கிடையாது. "கட்டியதை இடித்துவிடு" என்பதுபோல் ஒன்றைச் செய்யச் சொல்லும் கட்டளைத் தீர்ப்புக்கு மூன்று வருஷம்தான். கீழ்க்கோர்ட் அவமதிப்பைத் தண்டிக்க உயர் நீதிமன்றத்துக்கு அவமதிப்புச் சட்டத்தின் பத்தாவது பிரிவில் அதிகாரம் இருப்பது உண்மைதான். ஆனால் கையருகே இவ்வளவு வலுவான வழி இருக்கும்போது அங்கே போனால், "முதலில் அதைச் செய்து பார்த்தீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வீட்டுக்காரர் மாசாமாசம் ஜீவனாம்சம் குடுக்கணும்னு ஆர்டர். நாலு மாசமா ஒத்தை ரூபா தரலைங்க. கன்டெம்ப்ட் போட்டா தருவாரா?

இதற்கும் ஆர்டர் போட்ட கோர்ட்டுக்கே போங்கம்மா. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-தான் அது, பாக்கியை வசூலிக்க வாரன்ட் போட இடம் தருகிறது. அதற்குப் பிறகும் தராவிட்டால் பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஒரு தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். "மொத்தமா சேர்த்துக் கேட்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய பாக்கி போய்விடும்.

கன்டெம்ப்ட் போட எவ்வளவு நாள் டைம்?

ஒரு வருஷம். அவமதிப்புச் சட்டத்தின் இருபதாம் பிரிவு. அவமதிப்பு நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து கணக்கு. எட்டு வாரக் கெடு என்றால், நகல் கொடுத்து எட்டு வாரம் முடிந்த மறுநாளிலிருந்து எண்ணுங்கள். ஒரு வருஷத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்திருந்தால் போதும், விசாரணை தள்ளிப்போவது உங்கள் குற்றமில்லை என்று 2001-இல் பல்லவ் சேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டால் கெடு நீளும் என்பது தவறான நம்பிக்கை. "அடுத்த வாரம் வாங்க, முடிச்சுத் தரேன்" என்று அலுவலகத்தில் சொன்னதும் கெடுவை நீட்டாது. "மீறல் தினமும் தொடர்கிறதே" என்று வாதாடலாம் என்பார்கள். எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நகல் கொடுத்த அன்றே, பத்து மாதம் தள்ளி ஒரு தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஆர்டர் வேலூர் கலெக்டர் பேர்ல இருக்கு. இப்ப எங்க ஊரு ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிடுச்சு. யார் மேல போடறது?

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி ஆனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆட்களும், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களும் பழைய உத்தரவுகளோடு இன்னும் வேலூர் கலெக்டரேட்டுக்கு வந்து திரும்புகிறார்கள். அங்கே "ஃபைல் அந்தப் பக்கம் போயிடுச்சு" என்பார்கள், புது மாவட்டத்தில் "உத்தரவு எங்க பேர்ல இல்லை" என்பார்கள்.

அவமதிப்பு மனு பதவியின் மேல் இல்லை, ஆளின் மேல். அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தவரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். உத்தரவு தெரிந்தும் கெடுவுக்குள் செய்யாமல் விட்டவர் யார் என்பதுதான் கேள்வி. அதனால் மனுவுக்கு முன் ஒரு வேலை: இப்போது உங்கள் ஊருக்கு அதிகாரம் உள்ள அலுவலகத்துக்கு உத்தரவு நகலோடு, எந்த ஊர் எப்போது எந்த மாவட்டத்துக்கு மாறியது என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதிகாரி மாறுதலாகிப் போயிருந்தாலும் இதே முறைதான். நேற்று பதவியேற்றவர்மேல் 'வேண்டுமென்றே' என்று சொல்ல முடியாது. அவர் கையில் நகல் போய்ச் சேர்ந்தபின்தான் அந்தப் பேச்சு. அதற்கும் அந்த அலுவலகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், உத்தரவில் இப்போதைய அலுவலகத்தைச் சேர்க்கும்படி தெளிவுபடுத்தக் கேட்டு அதே வழக்கில் மனு போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

கன்டெம்ப்ட் போட்டா ஆபீசர் ஜெயிலுக்குப் போவாரா?

சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை ஆறு மாதம் வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது வேறு. நோட்டீஸ் போகும். அதுவரை கிடைக்காத ஃபைல் கிடைக்கும். அடுத்த வாய்தாவில் "உத்தரவை நிறைவேற்றிவிட்டோம்" என்று அறிக்கை தருவார்கள், மனு முடித்து வைக்கப்படும். உங்கள் வேலை ஆனது என்றால் அதுதான் வெற்றி. அவர் சிறை போகவில்லையே என்று வருந்துகிறவர்களிடம் நான் கேட்பது, பட்டா கைக்கு வந்ததா என்பதைத்தான்.

அதிகாரி ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பதும் இல்லை. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு நடைமுறை வகுத்தது. அரசு அதிகாரிகளை வழக்கமாக நேரில் அழைக்கக் கூடாது, அழைக்க வேண்டியிருந்தாலும் முதலில் காணொலி வழியைப் பார்க்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்களா?

நீதிமன்றம் திருப்தியடைந்தால் விடலாம், தண்டனை கொடுத்தபின்னும் குறைக்கலாம். நிபந்தனையோடு கேட்ட மன்னிப்பு என்பதற்காக மட்டும் அதை நிராகரிக்கக் கூடாது, உண்மையாகக் கேட்டிருக்க வேண்டும் என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. உத்தரவை நிறைவேற்றாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால், "இன்னும் செய்யவில்லையே" என்று உங்கள் வக்கீல் சொல்ல வேண்டியது அந்த இடத்தில்தான்.

அப்பீல் போட்டுட்டோம், அதனால செய்ய மாட்டோம்ங்கறாங்க. சரியா?

அப்பீல் போட்டது மட்டும் போதாது. மேல்கோர்ட் தடை கொடுத்திருக்க வேண்டும். தடை ஆணை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கன்டெம்ப்ட் போட்டதும் அவசரமாகத் தடை வாங்குவதும் நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

தப்பான ஆர்டர்னு தெரிஞ்சாலுமா கேட்கணும்?

ஆமாம். ரத்தாகும்வரை உத்தரவு உத்தரவுதான். தப்பா சரியா என்று முடிவு செய்வது மேல்கோர்ட், உத்தரவு வாங்கியவரோ கொடுக்கப்பட்டவரோ இல்லை. இது உங்களுக்கும் பொருந்தும். எதிராளிக்குச் சாதகமாக வந்த தடையை "அநியாயம்" என்று சொல்லி ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் எழுப்பினால், நாளை கூண்டில் நிற்பது நீங்கள்.

ஜட்ஜ்மென்ட் தப்புன்னு வாட்ஸ்அப்ல போட்டா கன்டெம்ப்டா?

தீர்ப்பு தப்பு என்று சொல்லலாம். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பைப் பற்றி நியாயமாகக் கருத்துச் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று ஐந்தாம் பிரிவே சொல்கிறது. ஏன் தப்பு என்று காரணத்தோடு எழுதுங்கள். நீதிபதி காசு வாங்கிக்கொண்டார், சாதி பார்த்தார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அது முன்பு சொன்ன இரண்டாவது வகைக்குள் போய்விடும். 2006-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலத்துக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை என்பதை எதிர்வாதமாக நீதிமன்றம் ஏற்கலாம். அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இது பாயும். கேரள முதல்வராக இருந்தபோது ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் நீதித்துறை பற்றிப் பேசியதற்கு உயர் நீதிமன்றம் போட்ட 1,000 ரூபாய் அபராதத்தை உச்ச நீதிமன்றம் 1970-இல் 50 ரூபாயாகக் குறைத்தது, ஆனால் குற்றம் குற்றம்தான் என்றது. 2017-இல், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து கல்கத்தாவுக்கு மாறிய நீதிபதி கர்ணனுக்கே ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறு மாதம் சிறை விதித்தது. 2020-இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு இரண்டு ட்வீட்டுகளுக்காக ஒரு ரூபாய் அபராதம் விதித்தார்கள். கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை, மூன்று வருஷம் உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் செய்யத் தடை. என் கருத்தைச் சொல்வதென்றால், விமர்சனத்துக்கும் களங்கத்துக்கும் நடுவிலுள்ள கோடு இன்னும் தெளிவாக இருந்தால் சாதாரண ஜனங்களுக்கு நல்லது. இப்போதைக்கு ஆளை விட்டுத் தீர்ப்பைப் பேசுவதுதான் பாதுகாப்பு.

ஜட்ஜ் மேலயே நெஜமா புகார் இருந்தா? வாயே தொறக்கக் கூடாதா?

கீழ்க்கோர்ட் நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்தோடு புகார் எழுதினால் அது அவமதிப்பு இல்லை, ஆறாம் பிரிவு. அந்தப் புகாரை ஃபோட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டால் அந்தப் பாதுகாப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது.

கோர்ட் ஹால்ல செல்போன் அடிச்சிடுச்சு. கன்டெம்ப்ட் ஆகுமா?

தவறிப்போய் அடித்தால் திட்டு விழும், அவ்வளவுதான். உடனே அணைத்து மன்னிப்புக் கேளுங்கள். வேண்டுமென்றே நீதிபதியை அவமதிப்பதும் விசாரணையைக் கெடுப்பதும் தனிக் குற்றம், நியாய சன்ஹிதாவின் 267-ஆம் பிரிவு. அன்று கோர்ட் எழுவதற்குள்ளேயே விளக்கம் கேட்டு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் கீழ்க்கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

ஒருத்தன் ஃபேஸ்புக்ல கோர்ட்டைக் கண்டபடி எழுதறான். அவன் மேல நான் கேஸ் போடலாமா?

நேரடியாக முடியாது. குற்றவியல் அவமதிப்புக்குத் தனி ஆள் போவதென்றால் அரசின் தலைமை வழக்கறிஞரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவரே போடலாம், நீதிமன்றம் தானாகவும் எடுக்கலாம். உங்கள் உத்தரவை மீறிய உரிமையியல் அவமதிப்புக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை.

பாலாறு தோல் கழிவு கேஸ்லகூட கன்டெம்ப்ட் இருந்துச்சாமே?

இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போதைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம். அக்டோபர் 31-க்குள் கட்டாத ஆலை உடனே மூடப்படும், அவமதிப்புச் சட்டப்படியும் பொறுப்பாகும் என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதிமன்றங்களில் வேரூன்ற இந்த வழக்கும் ஒரு காரணம்.

அந்த உத்தரவின் அமைப்பைக் கவனியுங்கள். யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன என்று நான்கும் இருக்கிறது. உங்கள் வழக்கிலும் உத்தரவு கேட்கும்போதே தேதியோடு கேட்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள். ஆனாலும் பாலாற்றங்கரை நிலத்தின் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே மாசு பற்றி மறுபடி தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் சொல்லி, நிறைவேற்றத்தைத் தானே தொடர்ந்து கண்காணிக்க முடிவு செய்தது. ஓர் உத்தரவு நடைமுறைக்கு வர எத்தனை காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதை ராணிப்பேட்டை, வாணியம்பாடி விவசாயிகளைவிட யாரும் நன்றாக அறிய மாட்டார்கள்.

கன்டெம்ப்ட் மனுவிலேயே நஷ்டஈடும் சேர்த்துக் கேட்டுக்கலாமா?

மூல உத்தரவில் இல்லாததை அங்கே வாங்க முடியாது. அவமதிப்பு விசாரணையில் வழக்கின் நியாயத்தை மறுபடி முடிவு செய்யக் கூடாது என்று 2006-இல் மிட்னாபூர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதே தீர்ப்பின்படி, பத்தொன்பதாம் பிரிவு மேல்முறையீடு தண்டனை பெற்றவருக்குத்தான். தனி நீதிபதி தண்டித்தால் முப்பது நாளுக்குள் அவர் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம். உங்கள் மனு தள்ளுபடியானால் அந்த மேல்முறையீடு உங்களுக்கு இல்லை, உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்பது மட்டும்தான் மிஞ்சும். முதல் மனுவையே பொறுமையாகத் தயார் செய்யச் சொல்வது இதனால்தான்.

எங்கிட்ட காசு இல்லீங்க. மெட்ராஸ் வக்கீலுக்கு எங்க போறது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருகின்றன, மதுரைக் கிளை இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், ஹைகோர்ட் வேலைக்கும் அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது சான்றிட்ட நகல், முத்திரை வாங்கிய கடிதம், தபால் ஒப்புகை மூன்றையும் எடுத்துப் போங்கள்.

போன வருஷம் கன்டெம்ப்ட் போட்டோம். 'மூணு மாசத்துல முடிச்சுடறோம்'னு எழுதிக் குடுத்து கேஸை மூடிட்டாங்க. மறுபடி பழைய கதைதான். இப்ப இன்னா பண்றது?

அந்த 'எழுதிக் கொடுத்தது' எந்த வடிவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அரசு வக்கீல் வாய்மொழியாகச் சொன்னாரா, அதிகாரி பிரமாணப் பத்திரம் போட்டாரா, நீதிபதி அதைப் பதிவு செய்து மனுவை முடித்தாரா? நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழி என்று உத்தரவில் பதிவாகியிருந்தால், முன்பு ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அதை வேண்டுமென்றே மீறுவதே தனி அவமதிப்பு. மூன்று மாதம் முடிந்த நாளிலிருந்து புதிய ஒரு வருஷக் கணக்கு. மனுவை முடித்த உத்தரவுக்கு இன்றே சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பம் போடுங்கள்.